நாலு வகை மச்சான்

படிவத்தின் ஒன்பதாவது கட்டத்தில் ‘உறவுமுறை’ என்று அச்சடித்திருந்தது. நான் ‘நண்பர்’ என்று எழுதினேன். பேனாவுக்கு மூடி போடுவதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனு எழுதுபவர் உச்சுக் கொட்டினார்.

“போச்சு. வேற படிவம் வாங்கிட்டு வாங்க.”

“ஏன், எழுத்துப் பிழையா?”

“எழுத்தெல்லாம் நல்லாத்தான் இருக்கு. உறவுதான் பிழை. நண்பரைப் பார்க்க விடமாட்டாங்க சார். சுவர்ல அவ்வளவு பெருசா ஒட்டியிருக்கே.”

ஒட்டித்தான் இருந்தது. பயண அனுமதி அலுவலகத்தின் வாசல் சுவரில், குடிதண்ணீர்க் குழாய்க்கு மேலே. அண்டை நாட்டுக்குப் போக விரும்பும் குடிமக்கள் மூன்று காரணங்களுக்காக மட்டுமே விண்ணப்பிக்கலாம்: வணிகம், சிகிச்சை, உறவினர். கீழே சிவப்பு மையில் தனியாக ஒரு வரி: ‘நட்பு காரணமான பயணங்கள் மறு அறிவிப்பு வரும்வரை நிறுத்திவைக்கப்படுகின்றன.’ இரவு முழுக்கப் பார்சல் கிடங்கில் முகவரிகளை வாசித்துவிட்டு நேராக அங்கே வந்திருந்தேன். விடிந்த பிறகு எதையும் வாசிப்பதில்லை.

“இப்ப என்ன பண்றது?”

“சொந்தமாக்கிடுங்க. எல்லாரும் அதைத்தான் பண்றாங்க. போன வாரம் ஒருத்தர், அந்தப் பக்கம் இருக்கிற பழைய சூப்பர்வைசரை மாமியார்னு எழுதினார். கிடைச்சிடுச்சு.”

“சூப்பர்வைசர் பொம்பளையா?”

“இல்ல.”

அவர் தன் பிளாஸ்டிக் ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். “அவரை நீங்க எப்படிக் கூப்பிடுவீங்க?”

“மச்சான்னு.”

“அப்புறம் என்ன? வாயில வர்றதை எழுதுங்க. பொய்யும் இல்ல, மெய்யும் இல்ல.”

புதுப் படிவம் வாங்கி ‘மச்சான்’ என்று எழுதினேன். அதற்குப் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அந்த நாலு எழுத்துதான் காரணம்.

என் மச்சானை எல்லாரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருடத்துக்கு முன்னால் தகர டப்பா ஆலையில் நாங்கள் வைத்த பெயர். ஒரே மேஜையில் எதிரெதிராக உட்கார்ந்து டப்பாவுக்கு மூடி அழுத்துவோம். இயந்திரம் நின்றாலும் அவன் வாய் நிற்காது. ஆலை ஆற்றைத் தாண்டி அந்த நாட்டுக்கு இடம் மாறியபோது அவனும் கூடப் போனான், நான் போகவில்லை. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அப்போது பாலம் வெறும் பாலமாக இருந்தது. மாதத்தில் இரண்டு ஞாயிறு நடந்தே வருவான். எங்கள் வீட்டில் உட்கார்ந்து உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் குறை சொல்லிவிட்டுப் பொழுது சாயும்போது கிளம்புவான். பிறகு இரண்டு அரசாங்கங்களுக்கும் ஏதோ மனஸ்தாபம். பாலத்தின் நடுவில் கேட் முளைத்தது. ஒன்றரை வருடமாக அவனை ஃபோனில்தான் கேட்கிறேன்.

போன வாரம் கூப்பிட்டான்.

“மச்சான், நெஞ்சுல மூணு அடைப்பாம்டா. வியாழக்கிழமை திறக்கிறாங்க. சொந்தக்காரங்க ஒருத்தர் வந்து கையெழுத்துப் போடணுமாம், இல்லேன்னா கத்தியைக் கையில எடுக்க மாட்டாங்களாம். தேதி வேற ஆளுக்குப் போயிடும். அடுத்த தேதி ரெண்டு மாசம் கழிச்சு. ரெண்டு மாசம் தாங்காதுன்னு டாக்டரே சொல்றாரு. அதனால, என் மச்சான் வருவான்னு சொல்லிட்டேன்.”

“எந்த மச்சான்?”

“நீதான்டா எருமை.”

அவனுக்கு வேறு யாரும் இல்லை. அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. என் கதையும் அதேதான். எனக்குக் கல்யாணமாகாத ஒரு தங்கை கூடுதல், அவ்வளவுதான் வித்தியாசம். அன்றைக்குத் திங்கள். அதனால்தான் தூங்காமல் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

மூன்றாம் எண் ஜன்னலில் இருந்த அதிகாரி அம்மாவுக்கு என் வயது இருக்கும். கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். படிவத்தை மேலிருந்து கீழே படித்துவிட்டு ஒன்பதாவது கட்டத்தில் விரலை வைத்தார்.

“மச்சான்னா?”

“மச்சான்தான் மேடம்.”

“அது கூப்பிடுற பேரு. உறவைக் கேக்கிறேன். கணினியில மச்சான்னு ஒரு வகை கிடையாது. நாலு வகை இருக்கு. மனைவியோட சகோதரன், சகோதரியோட கணவன், மாமன் மகன், அத்தை மகன். உங்க ஆள் எந்த வகை?”

சாப்பாட்டுக்கடையில் நாலு வகை சொல்லி எது வேண்டும் என்று கேட்பதுபோல் கேட்டார். நானும் அப்படியே பதில் சொன்னேன்.

“முதல் வகை.”

அவர் திரையைப் பார்த்தார். “உங்களுக்குத் திருமணம் ஆகலைன்னு இருக்கே.”

“ஆமா.”

“அப்போ மனைவி இல்லாமலே மனைவிக்குச் சகோதரனா?”

பின்னால் வரிசையில் நின்றவன் சிரித்தான். “மூணாவது மேடம். மாமன் மகன்” என்றேன்.

“அம்மாவுக்கு அண்ணன் மகனா, தம்பி மகனா?”

“அண்ணன்.”

என் அம்மா வீட்டுக்கு ஒரே பிள்ளை. செத்துப் பதினோரு வருடம் கழித்து அன்றைக்குத்தான் அவளுக்கு ஓர் அண்ணன் பிறந்தான்.

அதிகாரி அம்மா தட்டச்சு செய்தார். பிறகு சாதாரணமாக ஃபோனை எடுத்தார். “சரிபார்க்கணும். அவர் நம்பர் இதுதானே?”

தலையாட்டினேன். ஒலிபெருக்கியில் போட்டார். இரண்டே மணியடிப்பில் எடுத்தான்.

“அனுமதி அலுவலகத்துல இருந்து பேசுறோம். இங்க ஒருத்தர் உங்களைப் பார்க்க விண்ணப்பிச்சிருக்கார். அவர் உங்களுக்கு என்ன உறவு?”

“மச்சான்” என்றான் ரேடியோ.

“எந்த வழியில?”

“அவன் தங்கச்சி என் சம்சாரம் மேடம்.”

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வாழ்நாளில் ரேடியோ இவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் கேட்டதில்லை. முடிந்தது என்று நினைத்துப் படிவத்தைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன்.

அதிகாரி அம்மா ஃபோனை வைத்துவிட்டு என்னை முறைத்தார். “ஏன் சார், மாமன் மகனுக்குத்தான் தங்கச்சியைக் கொடுத்திருக்கீங்க. ரெண்டையும் சேர்த்துச் சொல்ல மாட்டீங்களா? நான் எழுதினதை அழிக்க வேண்டியதா இருக்கு.”

இரண்டு பொய்யும் ஒன்றோடொன்று இடிக்கும் என்று நினைத்தேன். அவை கைகோத்துக்கொண்டு குடும்பமாகிவிட்டன. நம் ஊர் உறவுமுறையில் எதையும் எதோடும் முடிச்சுப் போடலாம்.

“மறந்துட்டேன் மேடம். ராத்திரி வேலை.”

“சரி. ஒரே ஒரு சந்தேகம். புருஷனுக்கு நெஞ்சுல ஆபரேஷன். பொண்டாட்டி இங்க உங்க முகவரியிலதான் இருக்காங்கன்னு கணினி காட்டுது. அவங்க போகாம நீங்க எதுக்குப் போறீங்க?”

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

“ஒரு நோயாளிக்கு ஒரு ஆள்தான் அனுமதி. மனைவி இருக்கும்போது மச்சானுக்குத் தர விதி இல்ல. நாளைக்குக் காலையில அவங்களைக் கூட்டிட்டு வாங்க. அந்தப் பக்கம் நடந்த கல்யாணம் எங்க கணினியில ஏறாது. நேர்ல வந்து உறுதிமொழி குடுத்தா போதும், மனைவிக்கு உடனே கிடைச்சிடும்.”

போவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் தூக்கக் கலக்கம். “நண்பர்களை ஏன் மேடம் விடுறதில்ல?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது. “சொந்தக்காரங்களைப் பார்க்கப் போறவன் சண்டை போட்டுக்கிட்டு நாலாம் நாள் தானா வந்துடுவான். நண்பனைப் பார்க்கப் போறவன் அங்கேயே உட்கார்ந்துடுறான். கேட் போடுறதுக்கு முந்தின வருஷக் கணக்கைப் பார்த்துத்தான் சட்டம் போட்டாங்க.”

அதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.

என் தங்கை பள்ளிச் சீருடை தைப்பவள். வீட்டு முன்னறை முழுக்க அவளுடைய வெட்டுமேஜைதான். நான் அதன் ஓரத்தில் தூங்குகிற ஆள். போனபோது வாயில் குண்டூசிகளோடு நீலத் துணியில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் குத்தினாள்.

“நான் எப்போ கட்டிக்கிட்டேன்?”

“இன்னிக்குக் காலையில பதினொன்றரை மணிக்கு.”

“யாரு பேசி முடிச்சது?”

“அதிகாரி அம்மா.”

“ஊர்ல எனக்கு வேற மாப்பிள்ளையே கிடைக்கலையா அவங்களுக்கு? போயும் போயும் அந்த வாயாடியா?” கோட்டை அழித்துவிட்டு வேறு கோடு போட்டாள். “பொய்னு தெரிஞ்சா?”

“மூணு வருஷம் ஜெயில்.”

“உனக்கா எனக்கா?”

“ரெண்டு பேருக்கும்னு நினைக்கிறேன். குடும்பமாச்சே.”

அவள் சிரிக்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்து ஒரு கைப்பகுதியை முழுசாக வெட்டி முடித்தாள். “போகலேன்னா?”

“வியாழக்கிழமைத் தேதி போயிடும்.”

“போனா?”

“என்ன?”

“தேதி போனா அப்புறம் என்ன ஆகும்னு கேக்கிறேன்.”

“செத்துடுவான்” என்றேன். இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

“காலையில எத்தனை மணிக்கு?” என்றாள்.

மறுநாள் ஜன்னலில் அவளைத் தனியாக நிற்க வைத்தார்கள். நான் நாலடி தள்ளி நின்றேன். எல்லாம் காதில் விழுந்தது.

“உங்க கணவரைப் பத்திச் சொல்லுங்க” என்றார் அதிகாரி அம்மா.

“என்ன சொல்ல?”

“எதுவேணாலும். எப்படிப்பட்டவர்?”

என் நெஞ்சிலும் மூன்று அடைப்பு வந்தது. வேலைக்கு லீவு போட்டு இரவெல்லாம் அவளுக்கு அவன் பிறந்த தேதி, பழைய முகவரி, ரத்த வகை எல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தேன். குணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லித்தரவில்லை.

“வாயை மூட மாட்டாரு” என்றாள் என் தங்கை. “வந்து உட்கார்ந்தா உட்கார்ந்த இடம்தான். டீ குடிச்ச டம்ளரை நாற்காலிக்கு அடியில வச்சுட்டுப் போவாரு, நான் காலால தட்டிவிட்டு நானே துடைக்கணும். எத்தனை தடவை சொல்றது? நான் வெட்டுறதுக்குப் போட்டு வச்ச துணி மேல செய்தித்தாளை விரிப்பாரு, மை ஒட்டிக்கும். கேட்டா அரசியல் பேசுவாரு. சட்டையில ரெண்டாவது பட்டன் எப்பவும் இருக்காது. எங்க போகுதுன்னே தெரியல, தின்னுடுவாரோ என்னமோ. நான் எத்தனை தடவை தைச்சுக் குடுத்திருக்கேன். ஒரு நாளாவது நல்லா இருக்குன்னு சொன்னதில்ல. ஆனா அடுத்த தடவை வரும்போது அதையும் பிச்சுக்கிட்டு வந்து நிப்பாரு.”

அதிகாரி அம்மா எழுதுவதை நிறுத்தியிருந்தார். “எங்க வீட்டுலயும் டம்ளர் நாற்காலிக்கு அடியிலதான்” என்றார்.

“உங்க கோட்டு தோள்பட்டை ரெண்டு இஞ்சு இறங்குதே, யாரு தைச்சது?” என்றாள் தங்கை.

“ஆபீஸ்ல குடுத்தது.”

“அதான். நான் திரும்பி வந்ததும் கொண்டு வாங்க, தூக்கித் தர்றேன்.”

முத்திரை விழுந்தது. ஏழு நாள். என்னைக் கூப்பிட்டுச் சாட்சிக் கையெழுத்து வாங்கும்போது அதிகாரி அம்மா குரலைத் தாழ்த்தினார். “நேத்து நீங்க சொன்னப்போ எனக்குக் கொஞ்சம் சந்தேகமாத்தான் இருந்தது. பொய் சொல்ல வர்றவங்க புருஷனை ஆகா ஓகோன்னு புகழ்வாங்க. இவங்க உண்மையிலேயே அவஸ்தைப்பட்டிருக்காங்க.”

வீட்டுக்கு வந்ததும் தங்கை, நான் போவதற்காகக் கட்டி வைத்திருந்த பையிலிருந்து என் இரண்டு சட்டைகளையும் எடுத்து வெளியே போட்டுவிட்டுத் தன்னுடையதை வைத்தாள். என் துண்டையும் சவரப் பெட்டியையும் மட்டும் அவனுக்காக விட்டுவைத்தாள். புதன்கிழமை சாயங்காலம் பாலத்துக்குப் போகும் பஸ்ஸில் அவள் ஜன்னல் ஓரமாக, நான் பை ஓரமாக.

“அண்ணா.”

“ம்.”

“நீ மாமன் மகன்னு சொல்லியிருக்க. அவர் மட்டும் ஏன் யோசிக்காம என்னைச் சம்சாரம்னு சொன்னாரு?”

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அவளை ஜெயில்வரை துணிய வைத்துவிட்டு இதை மட்டும் மறைப்பது கேவலமாக இருந்தது.

“இருபது வருஷத்துக்கு முன்னாடி உன்னைப் பொண்ணு கேட்டான். என்கிட்ட.”

“என்ன சொன்ன?”

“அவளுக்கு உன்னைப் பிடிக்காதுடான்னேன்.”

“என்கிட்ட கேட்டியா?”

“இல்ல.”

“ஏன்?”

ஏன் என்றால், மாதத்தில் அந்த இரண்டு ஞாயிறும் அவன் என்னைப் பார்க்க வந்துகொண்டிருந்தான். அவளைக் கட்டிக்கொண்டால் அவளைப் பார்க்க வருவான். இதை அவளிடம் சொல்லவில்லை. “தெரியல” என்றேன்.

டிக்கெட்டை நாலாக மடித்துப் பையின் ஓரத்தில் செருகினாள்.

“எனக்குப் பிடிச்சிருக்காதுதான்” என்றாள் பிறகு. “ஆனா அதை நான்ல சொல்லியிருக்கணும்?”

பையின் வாரை இழுத்துச் சரிசெய்தேன். 

கேட்டில் காவலர் அனுமதிச் சீட்டை வாங்கிக்கொண்டு, “யாரைப் பார்க்க?” என்றார்.

“புருஷனை” என்றாள். தேவைக்கு அதிகமான சத்தத்தில் சொன்னாள். என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பாலம் நீளமானது. அவள் அந்த முனைக்குப் போகும்வரை நிற்க நேரமில்லை, எனக்கு வேலைக்குப் போக வேண்டியிருந்தது. ஆனாலும் நின்றேன். அரை ராத்திரிச் சம்பளம் போயிற்று.

வியாழக்கிழமை சாயங்காலம் ஃபோன் வந்தது. “திறந்தாங்க, மூடினாங்க. உயிரோட இருக்காரு” என்றாள். அவ்வளவுதான். என்னோடு அளந்துதான் பேசினாள்.

ஏழாம் நாள் அவள் வரவில்லை. ‘கணவர் இன்னும் தேறவில்லை’ என்று அங்கே எழுதிக்கொடுத்து ஒரு மாதம் நீட்டித்திருந்தாள். அது முடிந்ததும் இன்னொரு மாதம். தைக்க வந்த துணிகளை எல்லாம் நான்தான் பள்ளிக்கூடத்துக்குத் திருப்பிக் கொடுத்தேன். வெட்டுமேஜை காலியாகக் கிடந்தது. அகலமான இடம்தான், ஆனால் பழகிவிட்டதால் ஓரத்திலேயே படுத்தேன்.

மூன்றாம் மாதம் ரேடியோவே பேசினான். குரல் பாதிதான் இருந்தது. பேச்சு முழுசாக இருந்தது.

“மச்சான், உன் தங்கச்சி உப்பைக் கண்ணுலயே காட்ட மாட்டேங்கிறாடா. சட்டையில அஞ்சு பட்டனையும் நைலான் நூல் போட்டுத் தைச்சு வச்சிருக்கா, கழட்டவே முடியல.”

“எப்ப அனுப்பப் போற?”

“எப்படிடா அனுப்புறது? உங்க ஆபீஸ்ல புருஷன் பொண்டாட்டின்னு எழுதியாச்சு. எங்க ஆஸ்பத்திரியிலயும் எழுதியாச்சு. பொய்னு சொன்னா மூணு வருஷம் உள்ள. யோசிச்சுப் பார்த்தோம். கட்டிக்கிறது சுலபமா இருக்கு.”

“அதுக்கு ஜெயிலே தேவலாம்னு சொல்லுங்க அண்ணன்கிட்ட” என்று பின்னால் அவள் குரல் கேட்டது. பாத்திரம் உருட்டும் சத்தமும் கேட்டது. கோபமாக உருட்டினாள் என்று சொல்ல முடியாது. அவளுடைய கோபச் சத்தம் எனக்குத் தெரியும்.

“நேர்லயே கேட்டுட்டேன்டா இந்தத் தடவை” என்றான் ரேடியோ, மெல்ல. “உன்னை மாதிரித் தரகர் வச்சுக்கல.”

“என்ன சொன்னா?”

“டம்ளரை எடுத்து உள்ள வைக்கச் சொன்னா. வச்சேன்.”

மறுநாள் காலை வேலை முடிந்து நேராக அலுவலகத்துக்குப் போனேன். மனு எழுதுபவர் என்னைப் பார்த்ததும் ஸ்டூலை நகர்த்தினார். “இந்தத் தடவை யாரு சார்? சித்தப்பாவா?”

“தங்கச்சி.”

“சொந்தத் தங்கச்சியா?” அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. “அதுக்கு நான் எதுக்கு? நீங்களே எழுதிக்குங்க.”

எழுதினேன். ஒன்பதாவது கட்டத்தில் ‘தங்கை’. பதினாலாவது கட்டத்தில் புதிதாக ஒரு கேள்வி சேர்த்திருந்தார்கள்: ‘அந்த நாட்டில் உங்களுக்கு நண்பர்கள் உண்டா?’ பேனாவைக் கொஞ்ச நேரம் அங்கேயே பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு ‘இல்லை’ என்று எழுதினேன்.

மூன்றாம் ஜன்னல். அதிகாரி அம்மாவின் கோட்டுத் தோள் இன்னும் இரண்டு இஞ்சு இறங்கித்தான் இருந்தது. என்னைப் பார்த்ததும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

“உங்க தங்கச்சி வந்தபாடில்லையே சார். சொந்தக்காரங்க நாலாம் நாள் வந்துடுவாங்கன்னு மேலிடத்துக்கு நான் எழுதிக் குடுத்திருக்கேன். என் கணக்கே தப்பாயிடுச்சு.”

“அதைப் பேசத்தான் போறேன் மேடம்.”

“சண்டை போடுவீங்களா?”

“அவ போடுவா.”

அவருக்குத் திருப்தியாக இருந்தது. பதினாலாவது கட்டத்தை இரண்டு தடவை வாசித்தார். “நண்பர்கள் யாரும் இல்ல. நிச்சயமா?”

“மச்சான் ஒருத்தர்தான் இருக்காரு. ரெண்டாவது வகை.”

“எத்தனை நாள் வேணும்?”

“ஏழு.”

“தங்கச்சி புருஷன் வீட்டுல யாராவது ஏழு நாள் உட்காருவாங்களா? மரியாதையா இருக்குமா?” என்றார் அதிகாரி அம்மா. முத்திரையை ஊதி, மூன்று நாள் என்று குத்தினார்.